முதுகிலிருந்து கேரியருக்கு: இராமநாதபுரம் கரையில் ஆறு நாள்

முதல் நாள்: சென்னை – மதுரை – இராமநாதபுரம்

என் அக்காவை இராமநாதபுரத்தில் கட்டிக்கொடுத்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் அந்த ஊர்க் கடற்கரையை நான் பேருந்துச் சன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறேன் என்பது சென்ற தீபாவளியன்று பேச்சுவாக்கில் வெளிப்பட்டு, வீட்டார் முன்னிலையில் எனக்குச் சற்றுத் தலைகுனிவானது. பொங்கல் முடிந்ததும் ஆறு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மதுரை வரை விமானத்திலும் கடற்கரை நெடுகச் சைக்கிளிலும் போவது என்று அன்றே முடிவு செய்தேன். இரண்டு பயணத்துக்கும் ஒரே பை, அதுவும் முதுகில் மாட்டும் பை, போதும் என்பது என் கணக்கு.

சொந்தச் சைக்கிளையே விமானத்தில் ஏற்றிச் செல்லலாமா என்றும் யோசித்துப் பார்த்தேன். பெடல்களைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி வைத்து, சக்கரங்களில் காற்றை இறக்கி, அட்டைப்பெட்டிக்குள் அடைத்து, தனிக் கட்டணமும் செலுத்தி, இறங்கிய இடத்தில் எல்லாவற்றையும் மறுபடியும் பூட்ட வேண்டும். ஆறு நாளில் ஒரு நாள் அதற்கே போய்விடும். அக்கா மகன் பிளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி வீட்டில் சும்மாதான் நிற்கிறது என்று அக்கா சொன்னதால் அந்த யோசனை அத்தோடு நின்றது.

உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணி கையோடு கொண்டுபோகும் பை 7 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அளவும் பெரும்பாலும் 55 சென்டிமீட்டர் உயரம், 35 அகலம், 25 கனத்தைத் தாண்டக்கூடாது. என்னுடையது முப்பது லிட்டர் பை. வெறும் பையே 1.2 கிலோ. இரண்டு மாற்றுடை, லுங்கி, வேட்டி, துண்டு, மழைச்சட்டை, செருப்பு, கேமரா, பவர்பேங்க், சிறிய கைப்பம்பு, மருந்து டப்பா ஆகியவற்றை அடுக்கி, பையோடும் பையில்லாமலும் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி இறங்கியதில் 6.8 கிலோ வந்தது. வழக்கமாகச் சைக்கிளில் வைத்திருக்கும் பல்நோக்குக் கருவியில் ஒரு சிறு கத்தி இருப்பதால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டேன். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் எளிதில் தீப்பற்றும் பொருள்; அதைக் கையிலும் கொண்டுபோக முடியாது, சரக்கறைக்குப் போகும் பெட்டியிலும் வைக்க முடியாது. பம்பு இருந்தது, ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

கவுன்டரில் யாரும் குறை சொல்லவில்லை. பேருந்து எங்களை விமானத்தின் அருகே இறக்கிவிட்ட பிறகுதான் சிக்கல் வந்தது. மதுரைக்குப் போவது விசிறி எஞ்சின் பொருத்திய சிறு விமானம். பின்பக்கத்துப் படிக்கட்டு வழியாக ஏற வேண்டும், இருக்கைகளுக்கு மேலுள்ள அறைகளும் சிறியவை. படிக்கட்டடியில் நின்ற ஊழியர் என் பையைப் பார்த்ததும் ஒரு சீட்டைக் கட்டி, இது சரக்கறைக்குப் போகட்டும் என்றார். அடுத்த கேள்வி, உள்ளே பவர்பேங்க் இருக்கிறதா என்பது. இருந்தது; கனமான பொருள் அடியில் இருக்கட்டும் என்று பையின் அடிவயிற்றில், துணிகளுக்கெல்லாம் கீழே இருந்தது.

லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் பயணிகள் அறையில் பணியாளர்கள் உடனே கவனித்து அணைக்க முடியும், சரக்கறையில் யாரும் கை வைக்க முடியாது. ஆகவே அது எப்போதும் பயணியுடனேயே இருக்க வேண்டும் என்ற விதி மிகச் சரியானது. என்னுடையது 20,000 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் மணி, அனுமதிக்கப்பட்ட 100-க்குள்தான். இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் போனது, அதை எங்கே வைப்பது என்பது. வெயிலில், பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்க, ஒவ்வொரு துணியாக வெளியே எடுத்தேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர் என் லுங்கியை வாங்கிப் பிடித்துக்கொண்டு, "மெதுவா எடுங்க, நாம ஏறாம அது போகாது" என்றார்.

மதுரையிலிருந்து பேருந்தில் இராமநாதபுரம் சேர இருட்டிவிட்டது. பரமக்குடி வரை பையை மடியில் வைத்திருந்தேன். அதற்கு மேல் பேருந்தில் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள்: இராமநாதபுரம் – திருப்புல்லாணி – சேதுக்கரை – கீழக்கரை

காலையில் சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்துக் கொடுத்தான் மருமகன். பொங்கல் விடுமுறைக்குக் காரைக்குடிக் கல்லூரியிலிருந்து வந்திருக்கிறான். முன்னால் கம்பிக் கூடை, பின்னால் இரும்புக் கேரியர், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் அமைப்பு, கியர் கிடையாது. கடற்காற்றில் செயின் லேசாகத் துருவேறியிருந்தது, எண்ணெய் விட்டோம். நான் பையை முதுகில் மாட்டி இடுப்புப்பட்டையைப் பூட்டியதைப் பார்த்துவிட்டு, "மாமா, ஸ்கூலுக்குப் போகும்போதுகூட நான் பையை முதுகுல போட்டது இல்ல" என்றான். நான் பொருட்படுத்தவில்லை. இருபது ஆண்டுகளாக மலை ஏறிய முதுகு என்ற நினைப்பு.

திருப்புல்லாணி ஊருக்குத் தெற்கே 10 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இராமன் கடலரசனிடம் வழி வேண்டித் தர்ப்பைப் புல்லில் கிடந்த இடம் என்பதால் இங்கே அவன் சயனக் கோலத்தில் காட்சி தருகிறான். ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலான இது நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. புல்லே படுக்கையானவனைக் கும்பிட ஏழு கிலோ மூட்டையுடன் வந்து நிற்கிறோமே என்று சன்னதியில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் சேதுக்கரை. அமாவாசை நாளாக இல்லாததால் கரை வெறிச்சென்று இருந்தது. பிதுர்க்கடன் முடித்தவர்கள் விட்டுப்போன எள்ளும் பூவும் அலையோரத்தில் ஒதுங்கியிருந்தன.

கீழக்கரை வரை வாடைக்காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தது. தை மாதத்தில் இந்தக் கரையில் வடகிழக்கிலிருந்துதான் காற்று வீசும். ஆனி, ஆடியில் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வந்து கணக்கைத் தலைகீழாக்கிவிடும். பின்காற்றில் யாருக்கும் பை கனப்பதில்லை. வள்ளல் சீதக்காதியின் ஊரில், கோயில் மண்டபங்களைப் போலக் கல்தூண்களை நிறுத்திக் கட்டிய பழைய ஜும்மா பள்ளிவாசலை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, கடைத்தெருவில் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் அரைக் கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

திரும்பிய பதினேழு கிலோமீட்டர்தான் இன்றைய பாடம். இப்போது அதே வாடை எதிரில் இருந்தது. நிமிர்ந்து ஓட்டினால் சைக்கிள் நகரவில்லை, குனிய வேண்டியிருந்தது. நடக்கும்போது இடுப்புப்பட்டையை இறுக்கிவிட்டால் சுமையின் பெரும்பகுதி இடுப்பெலும்பில் இறங்கிவிடும். தோள்பட்டைகளுக்குப் பையை முதுகோடு சேர்த்துப் பிடிக்கிற வேலை மட்டும்தான் மிஞ்சும். சைக்கிளில் உடல் முன்னோக்கிச் சாய்ந்தவுடன் அந்த ஏற்பாடு முழுவதும் குலைந்துபோகிறது. பட்டை அடிவயிற்றைக் கவ்வுகிறது, பை முதுகின் மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறது, அதன் எடையைத் தோளும் கழுத்தும் ஹேண்டில்பாரைப் பற்றிய உள்ளங்கைகளும் இருக்கையில் பதிந்த எலும்புகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. எட்டாவது கிலோமீட்டரில் எனக்கு இடது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. தலையை நிமிர்த்திச் சாலையைப் பார்க்க முயன்றால் பையின் உச்சி ஹெல்மெட்டின் பின்புறத்தில் இடித்துத் தலையைக் கீழே தள்ளியது. பின்னால் வரும் லாரியைத் திரும்பிப் பார்க்கத் தோள் திரும்பினால் பையும் சேர்ந்து திரும்பி, சைக்கிள் சாலையின் நடுப்பக்கமாக ஒரு முழம் விலகியது. இது வலியைவிட மோசமான விஷயம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிகள் அந்த ஒரு முழத்தை நமக்கு விட்டுத் தருவதில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது முதுகில் பை படிந்திருந்த இடம் முழுவதும் ஈரமாகவும், அதன் ஓரங்களில் உப்பு வெள்ளைக் கோடாகவும் படிந்திருந்தது. அக்கா அதைக் கையில் வாங்கி, "இலங்கை மேப் மாதிரி இருக்குடா" என்றார். மருமகன் ஒன்றும் சொல்லவில்லை, அதுவே போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள்: இராமநாதபுரம் – உச்சிப்புளி – மண்டபம் – பாம்பன் – இராமேஸ்வரம்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம் தேவை. வலிக்கு எதிர்காற்றே காரணம் என்று படிப்பவர்களுக்குத் தோன்றக்கூடும். காற்று இல்லாவிட்டாலும் அது வந்திருக்கும், கொஞ்சம் தாமதமாக வந்திருக்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடம், அலுவலகம் என்று மூன்று நான்கு கிலோமீட்டர் போகிறவர்களுக்கு முதுகுப்பை ஒரு குறையும் இல்லை. இன்று எனக்கு 55 கிலோமீட்டர்.

ஆகவே விடிந்ததும் அத்தான் என்னைப் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு சைக்கிள் கடைக்கு அழைத்துப்போனார். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். கேரியரின் ஸ்பிரிங் கிளிப்பில் பையைச் செருகி வைத்திருந்ததைப் பார்த்ததும், "இது நோட்டுப் புத்தகம் வைக்கிறதுக்கு, தம்பி" என்று சொல்லிப் பையைக் கீழே இறக்கிவிட்டார். பழைய டியூப் ஒன்றை நீளவாக்கில் வெட்டி இரண்டு பட்டைகள் எடுத்தார். மீன் பெட்டியும் பனங்கருப்பட்டிச் சிப்பமும் வைக்கோலும் இந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயணம் செய்தது இந்த ரப்பர் பட்டையில்தான். கயிறு குலுங்கக் குலுங்கத் தளரும், ரப்பர் குலுங்கினாலும் பிடியை விடாது.

அவர் செய்த முதல் வேலை, பையைத் திறக்கச் சொன்னதுதான். விமானத்துக்கும் நடைக்கும் அடுக்கிய பையில் கனமான பொருள்கள் முதுகை ஒட்டிச் செங்குத்தாக நின்றன. சைக்கிளில் பை மல்லாந்து படுக்கிறது; ஆகவே பம்பும் செருப்பும் கேமராவும் கேரியரை ஒட்டிக் கீழேயும், அதிலும் இருக்கைக்கு நெருக்கமாகவும் வர வேண்டும். துணி மேலே. பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் கனம் போனால் மேட்டில் முன்சக்கரம் லேசாகி ஆட்டம் கொடுக்கும் என்று ஒரு செங்கல்லைக் கேரியரின் நுனியில் வைத்து, ஹேண்டில்பாரை என்னைப் பிடிக்கச் சொல்லிக் காட்டினார். பிறகு தோள்பட்டைகள், நெஞ்சுப்பட்டை, இடுப்புப்பட்டை எல்லாவற்றையும் சுருட்டிப் பைக்கு அடியில் கொடுத்து மறைத்தார். தொங்கும் பட்டை ஒன்று பின்சக்கரத்தின் ஸ்போக் கம்பிகளுக்குள் போனால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓடுகிற சைக்கிளில் அது என்ன செய்யும் என்று அவர் விவரிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு ரப்பரையும் குறுக்காகப் போட்டு இழுத்துக் கட்டிவிட்டு, இருக்கையைப் பிடித்து வண்டியைப் பக்கவாட்டில் உலுக்கினார். பையும் வண்டியும் ஒன்றாக அசைந்தன. தண்ணீர் புட்டிகள் இரண்டைக் கூடையில் வைக்கப் போனபோது ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கூடை ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்புவதால் அங்கே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் கையை இழுக்கும். விமானத்தில் கொண்டுவர முடியாத சொல்யூஷனையும், அதோடு உப்புத்தாள், டியூப் துண்டுகளையும் அங்கேயே வாங்கிக்கொண்டேன். ரப்பருக்கு அவர் காசு வாங்கவில்லை.

முதுகு வெறுமையாக இருப்பது இவ்வளவு பெரிய சுகம் என்பது நேற்றைய அவதி இல்லாமல் தெரிந்திருக்காது. வாடை இடது முன்புறத்திலிருந்து வந்து சட்டைக்குள் புகுந்து வெளியேறியது. உச்சிப்புளி வரை இருபுறமும் பனை; மழை பெய்து ஓய்ந்திருந்ததால் கண்மாய்களில் தண்ணீர் நின்றது. சாலையோரத்தில் அவித்த பனங்கிழங்கைக் கட்டுக் கட்டாக விற்றார்கள். அக்கா கொடுத்தனுப்பிய கிழங்கே கூடையில் இருந்ததால் வாங்கவில்லை. சைக்கிளில் தின்பதற்கு அதைவிடப் பொருத்தமான பண்டம் இல்லை, நார் உரிக்க மட்டும் நிறுத்த வேண்டும்.

அப்படிப் பிரப்பன்வலசைக்கு அருகே ஒரு மரத்தடியில் ஒதுங்கியதுதான் தவறு. அது சீமைக்கருவேல மரம். மறுபடியும் ஏறியபோது பின்சக்கரம் தரையில் அப்பியிருந்தது. பின்சக்கரத்தில் பஞ்சர் என்றால் வண்டியைக் கவிழ்க்க வேண்டும், கவிழ்க்கப் பையை அவிழ்க்க வேண்டும். பெரியவர் கட்டிய கட்டை அவிழ்க்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. கண்மாய்த் தண்ணீரில் டியூபை அமிழ்த்திக் குமிழி பார்த்து, முள்ளை டயருக்குள்ளிருந்து தேடிப் பிடுங்கி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு ஒட்டினேன். நான் திரும்பக் கட்டிய கட்டு அவருடையதைப் போல இல்லை. மண்டபம் போவதற்குள் இரண்டு முறை நிறுத்தி இறுக்கினேன்.

மண்டபம் மூட்டைகளின் ஊர் என்றே எனக்குத் தோன்றுகிறது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் ஊர் மக்களை இங்கேயுள்ள முகாமில் தங்கவைத்து, நோய் எதுவும் இல்லையென்று பார்த்த பிறகுதான் கப்பலேற்றினார்கள். அவர்கள் மூட்டைக்குள் என்ன வைத்திருப்பார்கள் என்று யோசித்தபடி முகாம் பக்கம் ஒரு தேநீர் குடித்தேன். அதே முகாம் 1983-க்குப் பிறகு அக்கரையிலிருந்து கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்த தமிழர்களுக்கு இருப்பிடமானது. என் பையின் 6.8 கிலோவைப் பற்றி அந்த இடத்தில் யோசிக்கக் கூச்சமாக இருந்தது.

பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறக்கப்பட்டது, ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் நீளம். அதற்கு முன்பு தீவுக்குப் போக ரயிலை விட்டால் படகுதான். அடியில் படகுகள் போவதற்காகப் பாலம் நடுவில் உயர்ந்து வளைகிறது, அந்த உச்சியில்தான் காற்று முழு வேகத்தோடு அடிக்கிறது. முதுகில் பை நின்றிருந்தால் அது ஒரு பாய்மரம். படுத்திருந்த பையைத் தாண்டிக் காற்று போய்விட்டது. ஆனாலும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தே நகர்ந்தது. பக்கத்தில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலமும் நின்றன. பழையதில் நடுப்பகுதி இரண்டு கையாக மேல்நோக்கித் திறந்துவந்தது, புதியதில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். நான் கடந்த நேரத்தில் அது திறக்கவில்லை. படம் எடுக்க நிறுத்திய கார்கள் பாதிச் சாலையை அடைத்திருந்ததால் உச்சியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன்.

தங்கச்சிமடம் தாண்டி இராமேஸ்வரம் விடுதியில் பையை அவிழ்த்தபோது மணி நான்கு. கைவிரல் எதுவும் மரக்கவில்லை.

நான்காம் நாள்: இராமேஸ்வரம் – தனுஷ்கோடி – அரிச்சல்முனை

பையின் பெரும்பகுதியை விடுதியிலேயே விட்டுவிட்டு, தண்ணீர், பம்பு, பஞ்சர் சாமான், கேமரா ஆகியவற்றை மட்டும் வைத்துப் பையைப் பாதியாக மடித்துக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினேன். தீவின் நுனியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017-இல்தான் வந்தது. அதற்கு முன்பு மணலில் வேனில் குலுங்கிப் போனவர்களின் கதைகளை அக்கா வீட்டில் நிறையக் கேட்டிருக்கிறேன். வடக்கே உள்ளதைப் பெண்கடல் என்றும் தெற்கே உள்ளதை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வது வழக்கம், ஆனால் வாடை வீசும் மாதத்தில் பெண்கடல்தான் சீறுகிறது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. தேவாலயத்தின் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன. சென்னையிலிருந்து ரயிலில் வந்து இங்கே இறங்கி, மூட்டைமுடிச்சுகளுடன் தலைமன்னாருக்குக் கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டதால், ஓடும் ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி ஊருக்குள் விநியோகித்த சிறுவர்களில் ஒருவர்தான் பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். நெருக்கிக் கட்டிய கட்டாக இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் காற்றில் ஒரு தாளும் மிஞ்சாது.

காற்று மணலை முழங்கால் உயரத்துக்கு ஓட்டிக்கொண்டே இருந்தது. அரிச்சல்முனையில் கேமராவை எடுக்கப் பையைத் திறந்தேன். ஜிப்பின் பற்களில் மணல் ஏறி அது பாதியில் நின்றுவிட்டது. பலவந்தமாக இழுக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பழைய பல்துலக்கியால் தேய்த்திருக்க வேண்டும். நான் இழுத்தேன். இப்போது அந்தப் பக்கத்து ஜிப் மூடுவதில்லை. ரப்பர் பட்டைதான் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மாலையில் கோயில். பையையும் கைப்பேசியையும் உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால் எல்லாமே விடுதியில். இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் வாங்கிக்கொண்டு, நீண்ட பிரகாரத்தில் சொட்டச் சொட்ட நடந்தேன். தண்ணீரில் நனைந்த வேட்டியும் துண்டும் எவ்வளவு கனக்கும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். நாளை இந்த ஈரம் பைக்குள் போனால் மற்றத் துணிகளும் வீணாகும்.

ஐந்தாம் நாள்: பாம்பன் வழியாக இராமநாதபுரம்

ஈர வேட்டியை நீளவாக்கில் நான்காக மடித்துப் பையின் மேலே விரித்து அதன்மீது ரப்பரைப் போட்டுக் கட்டினேன். பாம்பன் வருவதற்குள் காய்ந்துவிட்டது. வழியில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பாம்பனில் சின்னப்பாலம் பக்கம் போனேன். மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்கள் சிலர் கரையில் அதைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று இரண்டு குவியல். முகத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறித்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொள்வார்கள். ஏன் இடுப்பில், முதுகில் கட்டினால் கை சும்மா இருக்குமே என்று, இத்தனை நாள் அனுபவத்துக்குப் பிறகும், நான்தான் கேட்டேன். அவர்களில் மூத்தவர் என் சைக்கிளையும் அதன்மேல் படுத்திருந்த பையையும் ஒரு பார்வை பார்த்தார். "முதுகுல கட்டுனா அது மேல இழுக்கும், நான் கீழ போறதா வேணாமா? நீங்க மட்டும் ஏன் தம்பி கீழ இறக்கிக் கட்டியிருக்கீங்க?" என்றார். ஈரப்பாசி நிரம்பினால் எத்தனை கிலோ வரும் என்று கேட்டதற்கு, அது கரைக்கு வந்த பிறகுதான் கனக்கும், தண்ணீருக்குள் கனம் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அவருடைய தோளில் பட்டை பதிந்த தழும்பு எதுவும் இல்லை. இடுப்பில் கயிறு பதிந்த கறுப்பு வளையம் இருந்தது.

திரும்பும் வழியில் காற்று வலப்பக்கத்திலிருந்து வந்தது. பஞ்சர் இல்லை. நான் கட்டிய கட்டு ஒருமுறைகூடத் தளரவில்லை என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன். மாலையில் சைக்கிள் கடையில் நின்று அதைக் காட்டினேன். பெரியவர் முடிச்சைத் தொட்டுப் பார்த்து, "ஒரு சுத்து அதிகம்" என்றார்.

ஆறாம் நாள்: இராமநாதபுரம் – மதுரை – சென்னை

அத்தானின் பலசரக்குக் கடைத் தராசில் பையை ஏற்றினோம். 9.1 கிலோ. ஓலைக்கொட்டானில் கருப்பட்டி, கீழக்கரைத் தொதல், ஒரு கிலோ முண்டு மிளகாய். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் என்பதால் அக்கா அதை விட்டுக்கொடுக்க மறுத்தார். கடைசியில் மிளகாய் பார்சலில் வருவதாக ஒப்பந்தமானது. பம்பையும் மழைச்சட்டையையும் மருமகனுக்கே கொடுத்தேன். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கனமான கால்சட்டையை அணிந்துகொண்டு, மூடாத ஜிப் பக்கம் கொட்டானை வைத்து அடைத்ததில் 6.9 வந்தது. கையில் தனியாக ஒரு சாமானும் இல்லை. ரப்பர் பட்டைகள் இரண்டையும் சுருட்டி ஓரத்தில் செருகினேன்.

மதுரை விமான நிலையத்தில் பை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய் நின்று, பின்னால் வந்து, மறுபடியும் உள்ளே போனது. பாதுகாப்பு அதிகாரி பையைத் திறக்கச் சொல்லி, பாம்பு போலச் சுருண்டிருந்ததை வெளியே எடுத்தார். சைக்கிள் டியூப் என்றேன். இழுத்துப் பார்த்தார், கேள்வியோடு என் முகத்தைப் பார்த்தார், திருப்பி வைத்தார்.

மறுபடியும் அதே சிறு விமானம், அதே படிக்கட்டு, கையில் சீட்டுகளோடு வேறொரு ஊழியர். என் பவர்பேங்க் இந்த முறை பக்கவாட்டுப் பையில் இருந்தது. மூன்று விநாடியில் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எனக்கு முன்னால் நின்ற இளைஞர் தன் பையைத் தரையில் வைத்து அடிவரை துழாவிக்கொண்டிருந்தார். அவருடைய துண்டையும் லுங்கியையும் நான் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.